அப்பாவின் போனில் நான் போட்ட சைபர்கள்

கண்ணு,

நீ நல்லா இருக்கியா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. நான் நல்லா இருக்கிறேன் என்றும் எழுதப் போவதில்லை. தினமும் காலையில் 'சாப்டியாம்மா, நல்லா இருக்கியா' என்று உன் மெசேஜ் வருகிறது. 'நல்லா இருக்கேன்' என்று நானும் தட்டி அனுப்பிவிடுகிறேன். பொய் சொல்ல வாய்தான் கூசும், விரல் கூசாது. இது எனக்குத் தெரிந்து மூன்று வருஷம் ஆகிறது. அதனால்தான் இன்றைக்குப் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எட்டாங்கிளாஸ் படித்தவள் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். எழுத்துப் பிழையைத்தான் சொல்கிறேன். மற்றதைப் பொறுப்பதும் பொறுக்காததும் உன் இஷ்டம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது உன் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் என் காதில் இருக்கிறது. "அம்மா, பீடியை விடறதுக்கு அப்பாவுக்குச் செஞ்சேனே அந்த மெசேஜ் சிஸ்டம், அதை மணலி லாரி டிரைவருங்க எல்லாருக்கும் போடப் போறோம். ஆபீஸ்ல ஒத்துக்கிட்டாங்க. ஆரம்பிக்கிற அன்னிக்கு அப்பா போட்டோவை மேடையில வைக்கிறோம். நீ வந்து ரெண்டு வார்த்தை பேசணும். அப்பாவோட பழைய போனைக் கொடுத்தனுப்பு, அதுல இருக்கிற மெசேஜை எல்லாம் பெருசாக் காட்டணும்" என்றாய். நான் சரி என்றேன். சரி என்று சொல்லிச் சொல்லியே உன் அப்பாவைச் சுடுகாடு வரைக்கும் அனுப்பிவைத்தவள் நான், இதற்கு மட்டும் முடியாது என்றா சொல்வேன்? ஆனால் ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா பீடியை விடவே இல்லை. ஒருநாள்கூட விடவில்லை. அந்தப் போனிலிருந்து உனக்கு வந்த ஒவ்வொரு சைபரும் நான் போட்டது.

இதோடு கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் எப்படி மறைத்தாள் என்றாவது தெரிந்துகொள்.

டேங்கர் லாரி ஓட்டுகிறவருக்குப் பீடி என்ன என்பது உனக்குத் தெரியாமல் இல்லை. காலடிப்பேட்டை வீட்டின் அந்த ஒரே அறையில், அவர் குடித்து விட்ட புகையைக் குடித்துத்தான் நீ பத்தாவது வரை படித்தாய். முனைக்கடைக்கு ஓடிப்போய் பீடிக்கட்டு வாங்கி வா என்று உன்னை அனுப்பினவளும் நான்தான். அது முதல் தப்பு. அப்புறம் உனக்கு விவரம் வந்தது, வெட்கமும் வந்தது. பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டபோது "நீ மட்டும் வாம்மா, அப்பா மேல வாடை அடிக்கும்" என்றாய். நீ மெதுவாகத்தான் சொன்னாய். ஆனால் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவருக்குக் கேட்டுவிட்டது. அன்றைக்கென்று சலவைச் சட்டை போட்டிருந்தார். "வண்டிக்கு டைம் ஆயிடுச்சிமே, நீயே போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டு அந்தச் சட்டையோடே லாரி ஏறப் போனார். அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினதை நான் பார்க்கவில்லை. நீ காலேஜ் முடித்து, கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, வேளச்சேரியில் ரூம் எடுத்துப் போகும்வரை, உங்கள் இருவர் பேச்சும் என் வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது. அதனால், போனை வைத்துக்கொண்டு நடுவில் உட்காரும் வேலை எனக்குப் புதிதாக வந்தது இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பொங்கலுக்கு வந்தாயே, டார்ச் லைட் வைத்த அந்தப் புது போனோடு, அன்றைக்கு நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினதை நான் சமையல்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு உன் கம்ப்யூட்டர் தானாக ஒரு மெசேஜ் அனுப்பும். ஆசை வந்தால் தண்ணீர் குடி, மூச்சை இழுத்து விடு என்று புத்தி சொல்லும். தாங்க முடியவில்லை என்றால் ஒன்று என்று அடித்து அனுப்பினால் உடனே தைரியம் சொல்லிப் பதில் வரும். ஏழு மணிக்கு 'அப்பா, இன்னைக்கு எத்தனை?' என்று கேட்கும். எண்ணிக்கையைப் போட்டு அனுப்ப வேண்டும். "இப்போ ஒரு நாளைக்கு எத்தனைப்பா?" என்று நீ கேட்டாய். "ஒரு பத்து பன்னண்டு இருக்கும் நைனா" என்றார். நாற்பது என்று எனக்குத் தெரியும். வருஷக்கணக்குக்குப் பிறகு மகன் தோளை உரசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எந்த அப்பன் நாற்பது என்று சொல்வான்? நானும் வாயைத் திறக்கவில்லை. ரசம் கொதித்துப் பொங்கியதை இறக்கப் போய்விட்டேன்.

அவர் முயற்சி செய்யவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. அந்த ஒரு வாரம் நிஜமாகவே பாடுபட்டார். ஆனால் நீ அவர் வேலை செய்யும் இடத்தை ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. மணலி பெட்ரோல் கம்பெனிக்குள் வண்டி போகும்போது கேட்டிலேயே தீப்பெட்டி, பீடி, செல்போன் மூன்றையும் வாங்கிக்கொள்வார்கள். ஒரு பொறி பட்டால் ஊரே எரியும் இடம் அல்லவா? நம்பர் போட்ட ஒரு தகர டப்பாவில் மூன்றையும் போட்டு டோக்கன் கொடுப்பார்கள். லோடு ஏற்றிக்கொண்டு வெளியே வரும்போது டோக்கனைக் கொடுத்தால் டப்பாவைத் திருப்பித் தருவார்கள். உன் நாலு மணி மெசேஜ் யாருக்குப் புத்தி சொன்னது தெரியுமா? டப்பாவுக்குள் பக்கத்தில் படுத்திருந்த பீடிக்கட்டுக்கு. உள்ளே இருக்கிற நாலைந்து மணி நேரம் அவருக்குப் பீடி நினைப்பே வராது. வெளியே வந்ததும்தான் வரும். அப்போது ஒரு கையில் போன், ஒரு கையில் பீடி. "ரெண்டும் ஒரே டப்பால படுத்து எழுந்து வருதுங்கமே. ஒண்ணை எடுத்துக்கினு ஒண்ணை வுட்டுட்டு வர நான் இன்னா சாமியாரா?" என்று சிரித்தார். ஒருநாள் பீடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். வெளியே வந்து போனை வாங்கி, கை நடுங்க ஒன்று என்று அடித்தாராம். 'தண்ணீர் குடிங்க அப்பா' என்று வந்த பதிலைப் பக்கத்து வண்டிக்காரர் படித்துச் சொல்லியிருக்கிறார். படித்துச் சொல்லிவிட்டு, பாவம் என்று தன் பீடியை நீட்டியிருக்கிறார். இதை எல்லாம் மகனிடம் சொல்லுங்கள் என்றேன். "வுடு, ஆசையா செஞ்சிருக்கான், பேஜாராயிடுவான்" என்றார்.

இருந்தாலும் அந்த வாரக் கடைசியில் கணக்கு முப்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. பீடிக்கட்டில் மிச்சம் இருந்ததை நானே எண்ணிப் பார்த்தேன். நாற்பதிலிருந்து முப்பத்திரண்டு! அவர் முகத்தில், நீ பிறந்த அன்றைக்குப் பார்த்தேனே, அப்படி ஒரு பெருமை. அந்த ஒரு வாரமும் முதல் நாள் கணக்கைக்கூட அனுப்பாமல் 'நாளைக்குப் போடலாம், இன்னும் கொஞ்சம் எறங்கட்டும்' என்று தள்ளிக்கொண்டே வந்தவர், "இப்ப போடுமே, முப்பத்திரண்டு. உள்ளத உள்ளபடி போடு" என்றார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்தும் போன் பட்டனும் வண்டி நம்பர் படிக்கிற அளவுக்குத்தான் தெரியும், அதனால் நான்தான் தட்டினேன். ஐந்து நிமிஷத்தில் நீ போன் செய்தாய். "பத்துன்னு சொன்னியே, இப்போ முப்பத்திரண்டா? என்னை என்ன பைத்தியக்காரன்னு நெனைச்சியா? நீ திருந்தவே மாட்டே. செத்துப்போனாத்தான் உனக்குப் புத்தி வரும்" என்றாய். அவர் போனைக் காதில் வைத்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ வைத்த பிறகும் எடுக்கவில்லை. இரண்டு நாள் என்னோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஏழு மணிக்குக் கேள்வி வந்தபோது நான் அவரைக் கேட்கவே இல்லை. ஒன்பது என்று போட்டேன். உடனே நீ கூப்பிட்டாய். "அப்பா சாப்டியா? சூப்பர்ப்பா. இப்படியே போ" என்றாய். பத்து நிமிஷம் பேசினாய். மழையைப் பற்றி, உன் ரூமில் தண்ணீர் வராததைப் பற்றி, என்னென்னவோ. அவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எவ்வளோ போட்ட?" என்றார். "ஒன்பது." ஒரு பீடியைப் பற்றவைத்தார். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, "நாளைக்கும் ஒன்பதே போடு. ஒரேயடியா எறக்காத, சந்தேகம் வரும்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. சிரிக்காதே, அந்த நாட்களில் நானும் அவரும் கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை. திருடர்கள் மாதிரி உட்கார்ந்து நம்பர் முடிவு செய்வோம். "செவ்வாய்க்கிழமை ஒண்ணு ஏத்திப் போடு, அப்பத்தான் நெசம் மாதிரி இருக்கும்" என்பார். உனக்கு நினைவிருக்கிறதா, ஒரு செவ்வாய்க்கிழமை ஐந்திலிருந்து ஆறாகிவிட்டது என்று நீ கூப்பிட்டு, "பரவால்லப்பா, மனசைத் தளரவிடாதே" என்று அவ்வளவு அருமையாகப் பேசினாய். அந்த வார்த்தையை முப்பத்திரண்டுக்குச் சொல்லியிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது. நீ அனுப்பிய பாராட்டை எல்லாம் என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வார். போனில் இடம் நிறைந்து போனால் வேறு எதை வேண்டுமானாலும் அழி, புள்ளையோடதை மட்டும் தொடாதே என்பார். அவர் படித்துச் சொல்லச் சொல்லும்போது கையில் பீடி புகைந்துகொண்டிருக்கும்.

முதல் சைபர் வந்த இரண்டாம் நாள் நீ இனிப்புப் பெட்டியும் புதுச் சட்டையுமாக வந்தாய். லேப்டாப்பைத் திறந்து ஒரு கோட்டைக் காட்டினாய். மேலிருந்து கீழே படி இறங்குவது மாதிரி ஒரு கோடு. "அம்மா பாரு, அப்பா எப்படி எறங்கி வந்திருக்காருன்னு" என்றாய். "கோடு நல்லாத்தான் கீது நைனா" என்றார் அவர். நீ வருகிறாய் என்று முதல் நாளே சொல்லிவிட்டுத்தானே வருவாய்? அன்றைக்குக் காலையிலிருந்து அவர் வாயில் கிராம்பு. சட்டையை இரண்டு தடவை துவைத்தேன். ஜன்னல் எல்லாம் திறந்து ஊதுபத்தி ஏற்றினேன். "சாமி கும்பிடுற வீடு மாதிரி மணக்குதும்மா" என்றாய். வேளச்சேரிக்கும் காலடிப்பேட்டைக்கும் நடுவில் கடலா இருக்கிறது? ஒரே ஊர்தான். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாயங்காலம் வந்து, அவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் உன் மூக்கே உனக்குச் சொல்லியிருக்கும். நீ கம்ப்யூட்டரை உட்காரவைத்தாய். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். உன் மனசு கல் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் மனசை மெஷினிடம் கொடுத்துவிட்டுப் போனவனை நான் வேறு என்னவென்று சொல்வது?

அப்புறம் இருமல். மணலிப் பக்கம் யார்தான் இருமவில்லை, எண்ணூர் சாம்பல் காற்றில் யாருக்குத்தான் நெஞ்சு அடைக்கவில்லை என்று நாங்களும் இருந்துவிட்டோம். நீதான் வற்புறுத்தி டாக்டரிடம் கூட்டிப்போனாய். "பீடி, சிகரெட் உண்டா?" என்று டாக்டர் கேட்டார். உன் அப்பா வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "சுத்தமா விட்டுட்டார் டாக்டர். டெய்லி ரெக்கார்டு இருக்கு" என்று போனை நீட்டினாய். டாக்டர் பார்த்துவிட்டு உன் முதுகில் தட்டிக்கொடுத்தார். "விட்டவங்களுக்கு நெஞ்சு சுத்தமாகும்போது கொஞ்ச நாள் இருமல் இருக்கும். குறையலைன்னா வாங்க, படம் எடுத்துப் பார்க்கலாம்" என்றார். நான் அங்கேதான் இருந்தேன். முந்தானையை முறுக்கிக்கொண்டு சும்மா நின்றேன். டாக்டர் மேல் ஒரு தப்பும் இல்லை. நாம் சொன்னதை வைத்து அவர் சொன்னார். இருமல் வரும்போதெல்லாம் "நெஞ்சு சுத்தமாகுதுமே" என்று இவர் கிண்டல் செய்வார். அப்படிக் கிண்டல் செய்தே ஏழு மாதம் போய்விட்டது. படம் எடுத்தபோது பாதி நெஞ்சுதான் மிச்சம் இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஆஸ்பத்திரி வார்டில் வேறொரு டாக்டரம்மா அவர் விரலைத் திருப்பிப் பார்த்து, "இவ்ளோ மஞ்சளா இருக்கே, இன்னும் பிடிக்கிறாரா?" என்று கேட்டார். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கப்பா விட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு. தெரியாம பேசாதீங்க" என்று சத்தம் போட்டாய். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நீ மருந்து வாங்கக் கீழே போனதும் நான் சொன்னேன், இனியாவது சொல்லிவிடலாம் என்று. அவரால் சரியாகப் பேச முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லாதமே. எங்கப்பான்னு எனக்காகச் சண்டை போட்டான் பாத்தியா? அந்த வாடை அடிக்கும்னு சொன்ன புள்ள. இப்பத்தான் என்னை நல்லவன்னு நெனைக்கிறான். அத்த எடுத்துடாத" என்றார். சரி என்று சத்தியம் செய்தேன். அதைத்தான் இப்போது உடைக்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. அவர் போட்டோவில் சிரித்துக்கொண்டே இருக்கிறார், அவருக்கென்ன.

ஏன் உடைக்கிறேன் என்றால், நீ இதை மணலி டிரைவர்கள் எல்லாருக்கும் போடப் போகிறாய். ஒவ்வொரு வீட்டிலும் எட்டாங்கிளாஸ் படித்த ஒருத்தி இருப்பாள். புருஷன் மானத்துக்கும் பிள்ளை பாசத்துக்கும் நடுவில் போனை வைத்துக்கொண்டு ஏழு மணிக்கு உட்காருவாள். அந்த வேலையை இன்னொருத்திக்குக் கொடுக்காதே. செய்யவே செய்யாதே என்று சொல்லவில்லை. ஒன்று அடித்துவிட்டு அவர் கேட் வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றது பொய் இல்லை. அந்த நிமிஷம் மெஷின் அனுப்பிய பதிலுக்குப் பதிலாக ஒரு ஆள் வந்திருந்தால், அல்லது உன் குரல் வந்திருந்தால், யாருக்குத் தெரியும்? முதலில் மணலி கேட்டுக்குப் போ. அந்தத் தகர டப்பாவைப் பார். வண்டிக்காரர்களோடு டீ குடி. அப்புறம் கேள். கேட்டு, முப்பத்திரண்டு என்று பதில் வந்தால் முகம் மாறாமல் இரு. முப்பத்திரண்டைத் தாங்க முடியாதவனிடம் யாரும் முப்பத்திரண்டு என்று சொல்ல மாட்டார்கள் கண்ணு. நீ கோபக்காரன், நான் கோழை, அவர் பாசத்துக்கு ஏங்கினவர். மூன்று பேரும் சேர்ந்துதான் செய்தோம். ஆனால் விரல் என்னுடையது. அதை நான் யார் தலையிலும் கட்டப் போவதில்லை.

மேடைக்கு நான் வரமாட்டேன். போனை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன். பார்த்த பிறகு என்னோடு பேசுவாயோ மாட்டாயோ, தெரியாது. பேசாமல் இருந்தால் அதுவும் நியாயம்தான். 'நல்லா இருக்கியா' என்று மட்டும் மெசேஜ் அனுப்பாதே, இனிமேல் பதில் வராது. வாசலுக்கு வந்து கேள், திட்டுவதானாலும் வந்து திட்டு.

போனைத் திறந்தால் கடைசி மெசேஜைப் பார். அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு, நீ மொட்டைத் தலையோடு சுடுகாட்டிலிருந்து வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். ஊரே கூடியிருந்தது. டிவி மேல் இருந்த போன் ஏழு மணிக்குக் கத்தியது. உன் கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. 'அப்பா, இன்னைக்கு எத்தனை?' என்று கேட்டது. நீ தலை நிமிரவில்லை. நான் எடுத்து, வழக்கம்போல் சைபர் என்று தட்டினேன். 'சபாஷ் அப்பா, இப்படியே இருங்க' என்று உடனே பதில் வந்தது. போனை அணைத்து வைத்தேன். அந்தப் போனிலிருந்து உனக்கு நான் அனுப்பிய சைபர்களில் அந்த ஒன்றுதான் நிஜம்.

அம்மா